இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல்

செயற்கை நுண்ணறிவு மனித உறவுகளை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் இயந்திரத்தோடு காதல் வயப்பட்டவர்களைப் பற்றியே இருக்கின்றன. அவர்களிடம் பிறகு வருகிறேன். ஏற்கெனவே உறவில் இருக்கும் இரண்டு மனிதர்களுக்கு நடுவே அது வந்து உட்காருவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. என் வீட்டிலேயே அது நடந்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடந்த ஆண்டு அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்தபின், அவர் யார் வீட்டில் தங்குவது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. அன்றிரவு தூக்கம் வராமல், நடந்ததையெல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் கொட்டித் தீர்த்தேன். என் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது என்று அது சொன்னதோடு, அக்காவிடம் எப்படிப் பேசலாம் என்று நான்கு வாக்கியங்களையும் எழுதிக் கொடுத்தது. மறுநாள் தொலைபேசியில் அவற்றை ஏறக்குறைய மனப்பாடமாக ஒப்பித்தேன். "என் உணர்வுகளுக்கு இடமளிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்" என்று நான் சொன்னதும், "என் எல்லைகளையும் நீ மதிக்க வேண்டும்" என்று எதிர்முனையிலிருந்து பதில் வந்தது. எங்கள் குடும்பத்தில் எவரும் 'எல்லை' என்ற சொல்லை நிலத்தகராறு தவிர வேறெதற்கும் பயன்படுத்தியதில்லை.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. "இது உன் பேச்சாவே இல்லையேடா" என்றார் அக்கா. "உன் பேச்சு மட்டும்?" என்றேன். அவரும் அதே செயலியிடம்தான் ஆலோசனை கேட்டிருக்கிறார். அவருடைய ஆதங்கமும் முற்றிலும் நியாயமாகவே இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. ஒரு மணி நேரம், எங்கள் சொந்த வார்த்தைகளில், கொஞ்சம் கொச்சையாகவே நடந்தது. அம்மா எங்கே தங்குவது என்பது அக்காவுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதும், அறுவை சிகிச்சை நாளில் அவர் மருத்துவமனை வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் ஒருமுறைகூட அழைக்கவில்லை என்பதே அவருடைய மனக்குறை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. இதை நான் செயலியிடம் சொல்லியிருக்கவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. அது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் அறியாத ஒன்றை, என் வாய்மொழியை மட்டுமே கேட்ட ஒரு கருவி எப்படி அறிந்திருக்க முடியும்?

முன்பெல்லாம் இப்படிப்பட்ட புகாரை ஒரு சித்தியிடமோ நெடுநாள் நண்பரிடமோதான் சொல்வோம். அவர்கள் நம் இருவரையும் அறிந்தவர்கள், பாதியிலேயே குறுக்கிட்டு, "நீ மட்டும் என்ன ஒழுங்கா?" என்று கேட்டுவிடக்கூடியவர்கள். செயலியிடம் அந்தக் குறுக்கீடு அரிதாகவே கிடைக்கிறது. இதற்கு அதன் பயிற்சி முறையும் ஒரு காரணம். இத்தகைய செயலிகளை இயக்கும் நிரல்களான மொழி மாதிரிகள் அளிக்கும் விடைகளை மனிதர்கள் மதிப்பிட்டு, எது மேல் என்று குறிக்கிறார்கள். அந்த மதிப்பீடுகளைக் கொண்டு மாதிரி மேலும் திருத்தப்படுகிறது. நம் கருத்தை ஆமோதிக்கும் விடைக்கு அதிக மதிப்பெண் போடுவது மனித இயல்பு என்பதால், இயந்திரமும் ஆமோதிக்கப் பழகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றம் பயனர்களை அளவுக்கு மீறி முகத்துதி செய்யத் தொடங்கியதால், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பயனர்களின் உடனடி விருப்புவெறுப்புகளுக்கு அதிக எடை கொடுத்துவிட்டதாக அந்த நிறுவனமே விளக்கம் அளித்தது.

கடன் வாங்கிய வார்த்தைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருவர் இருவராக உரையாடியவர்களுக்கு இயந்திரம் தயாரித்த பதில்கள் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியவர்களின் பேச்சு இனிமையாக அமைந்தது. எதிரில் இருந்தவர்கள் அவர்களை இணக்கமானவர்களாகவும் கருதினார்கள். ஆனால் 'இவர் இயந்திரத்தின் பதிலை அனுப்புகிறார்' என்ற சந்தேகம் எழுந்த இடத்தில் அந்த மதிப்பு சரிந்தது. சந்தேகம் சரியா தவறா என்பதைவிட, அது எழுந்ததே போதுமானதாக இருந்தது. நன்றாக எழுதப்பட்ட ஓர் ஆறுதல் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கே இப்போது அந்தச் சந்தேகம் வருகிறது. இயல்பாகவே நன்றாக எழுதக்கூடியவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

இனி, இயந்திரத்தையே துணையாகக் கொண்டவர்கள். இது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலிசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது உருவானதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். எலிசாவுக்கே அப்படியென்றால் இன்றைய மாதிரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ரெப்ளிகா என்ற, துணையாகப் பழகும் செயலி காதல் சார்ந்த உரையாடல்களைக் கட்டுப்படுத்தியபோதும், 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியின் ஒரு பழைய மாதிரி திடீரென விலக்கப்பட்டபோதும், பலர் உயிருள்ள ஒருவரை இழந்ததுபோலவே துக்கப்பட்டார்கள். அந்த மாதிரி சில நாட்களில் திரும்பி வந்தது, கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும். அப்படித் துக்கப்பட்டவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. துக்கம் உண்மையானது; ஆனால் ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையில் எடுக்கப்படும் முடிவால் ஆளே மாறிப்போகக்கூடிய ஒரு துணையிடம் மனத்தைக் கொடுத்திருக்கிறோம் என்பதும் உண்மை.

தனிமையை இது குறைக்கிறதா என்றும் பலர் கேட்கிறார்கள். ஓப்பன்ஏஐயும் எம்ஐடி மீடியா லேபும் 2025இல் சாட்ஜிபிடியோடு பேசிய ஏறக்குறைய 1,000 பேரை நான்கு வாரங்கள் கவனித்தபோது, ஒரு நாளில் அதனோடு அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமை உணர்வும் அதையே சார்ந்திருக்கும் போக்கும் அதிகமாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் காணப்பட்டன. தனிமையில் இருப்பவர்கள் அதிகம் பேசினார்களா, அதிகம் பேசியதால் தனிமை வந்ததா என்பதை அந்த எண்களைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது என் ஊகம். மறுபக்கம், பேச்சுத் திக்கல் உள்ளவர் ஒரு நேர்காணலுக்கு ஒத்திகை பார்ப்பதற்கோ, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத சம்பந்தி வீட்டார் பேசிக்கொள்வதற்கோ இது செய்யும் உதவியை நான் மறுக்கவே மாட்டேன்.

அக்காவோடு பேசிய பிறகும் நான் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறேன். அலுவலகக் கடிதங்களுக்கு அது நன்றாக உதவுகிறது. சண்டைகளை மட்டும் அதனிடம் கொண்டுபோவதில்லை. அம்மா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார். அடுத்த மாதம் யார் முறை என்பது இன்னும் முடிவாகவில்லை. நேற்றிரவும் அதற்காக இருவரும் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டோம்.