பிஎன்ஜி முடிவைத் தேடினால் பஃபரின் தொடக்கமே வருகிறதே?

கேள்வி: அழிந்த படங்களை மீட்க சி மொழியில் ஒரு டூல் எழுதுகிறேன். டிஸ்க் இமேஜை (டிஸ்க்கின் முழு நகலை) மெமரியில் ஒரு பஃபரில் ஏற்றி, பிஎன்ஜி படம் எங்கே முடிகிறது என்று, ஸ்டிரிங்குக்குள் ஸ்டிரிங்கைத் தேடும் ஸ்டர்ஸ்டர் (strstr) வைத்துத் தேடினால், எப்போதும் பஃபரின் தொடக்க முகவரியே வருகிறது. ஏன்?

பதில்: நீங்கள் தேடும் 12 பைட்களை, அதாவது பிஎன்ஜி ஃபைலின் முடிவில் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் நான்கு 0, அடுத்து 73, 69, 78, 68, கடைசியில் 174, 66, 96, 130. ஸ்டர்ஸ்டருக்கு 0 வந்தால் ஸ்டிரிங் முடிந்தது. உங்கள் வரிசை 0-விலேயே தொடங்குவதால், நீங்கள் தேடச் சொன்னது காலி ஸ்டிரிங்கை. அப்படிக் கேட்டால் தொடக்க முகவரியைத் தர வேண்டும் என்பதுதான் விதி. பாவம், அது சரியாகத்தான் வேலை செய்கிறது!

0-வைப் பார்த்து நிற்காமல், நீளத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் மெம்மெம் (memmem) ஃபங்ஷன்தான் உங்களுக்கு வேண்டியது. லினக்ஸில் ஹெடர்களைச் சேர்க்கும் முன்பே ஜிஎன்யு சோர்ஸ் மேக்ரோவை (_GNU_SOURCE) டிஃபைன் செய்துவிடுங்கள்; அப்போதுதான் மெம்மெம்மின் அறிவிப்பு கம்பைலருக்குத் தெரியும். இல்லாவிட்டால் பழைய கம்பைலர்கள் ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும்; திரும்பி வரும் 64 பிட் முகவரியை இன்ட் என்று நினைத்து பாதியாக வெட்டிவிடும். அப்புறம் செக்மென்டேஷன் ஃபால்ட்தான். ஜிசிசி கம்பைலரில் 14-ஆம் பதிப்பு முதல் இது எரராகவே வருகிறது, நல்லதாயிற்று. இன்னொன்று: வரிசையை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) 13 என்று சொல்லும், கடைசி 0-வையும் எண்ணிவிடும். அன்சைன்ட் சார் அரேயாக எழுதுங்கள்.

விண்டோஸில் விஷுவல் சி-யில் மெம்மெம் கிடையாது. மெம்சார் (memchr) வைத்து ஒரு பைட்டைக் கண்டுபிடித்து, மெம்கம்ப் (memcmp) வைத்து முழு வரிசையையும் ஒப்பிடுங்கள். முதல் பைட்டான 0-வைத் தேடாதீர்கள். டிஸ்க் இமேஜில் காலி இடமெல்லாம் 0-தான், அடிக்கு அடி நிற்கும். 174-ஐத் தேடி 8 பைட் பின்னால் போய் ஒப்பிடலாம். பின்னால் 8, முன்னால் 3 பைட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பஃபர் நீளத்திலிருந்து 12-ஐக் கழித்து லூப் எழுதுவதானால், பஃபர் 12-ஐ விடச் சிறியதா என்று முன்பே சோதியுங்கள். நீளத்தை வைக்கும் சைஸ்-டி (size_t) வகையில் மைனஸ் கிடையாது. பிரம்மாண்டமான எண் வந்து, லூப் பஃபரைத் தாண்டி ஓடும்.

இமேஜ் பெரியதாக இருந்து துண்டு துண்டாகப் படித்தால், ஒவ்வொரு துண்டின் கடைசி 11 பைட்டையும் அடுத்த துண்டின் முன்னால் ஒட்டிவிட்டுத் தேடுங்கள். வரிசை இரண்டு துண்டுக்கும் நடுவே பிரிந்து கிடந்தாலும் அப்போது சிக்கிவிடும்.