மாடி ஷீட்டுக்கு கட்டர் எதுல போடலாம்?

திருமங்கலத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வெயிலுக்காக மொட்டமாடில 30-க்கு 20 அடில கலர் ஷீட் போட்டாச்சாம், வாட்டம் ஒரே பக்கம், மழை பேஞ்சா தண்ணி பூராம் பக்கத்து வீட்டு செவுத்துலதான் அடிக்குது, அவுக கூட சண்டை. ஷீட் ஓரத்துல தண்ணிய புடிச்சு பைப்புக்கு விடுற கட்டர், அத பிளம்பர் பிவிசில போடுங்கிறாரு, வெல்டிங் பட்டறைக்காரரு ஜிஐ தகரம், அதாவது துத்தநாகம் பூசுன இரும்புத் தகடுங்கிறாரு, கொழுந்தனாரு அலுமினியம்தான் காலத்துக்கும் நிக்கும்ங்கிறாரு. எத போடுறது?

அக்கா, மூணு பேரும் கட்டரையும் பைப்பையும் ஒரே சாமானா வச்சு பேசுறாங்க. கட்டர் நாள் பூரா வெயில்ல காயும், பைப்பு செவுத்த ஒட்டி நிக்கும், நிழல் பக்கமா பாத்து எறக்கிக்கலாம். அதனால மேல கட்டருக்கு தகரம், கீழ எறங்குற பைப்புக்கு பிவிசி, இதுதான் என் ஓட்டு.

பிவிசி கட்டர் துருப்பிடிக்காது, வெலையும் கம்மி, ஆனா நம்ம ஊரு சித்திர வெயில்ல 20 அடி நீளத்துக்கு காலைல இருந்து மத்தியானத்துக்குள்ள ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் நீளும், சாயங்காலம் திரும்ப சுருங்கும். ஜாயிண்ட்ட சொல்யூஷன் போட்டு இறுக்கி ஒட்டிட்டா அது எங்க போகும், வளைஞ்சு நெளிஞ்சு நடுவுல தொங்கும், இல்ல ஜாயிண்ட்ல விரிசல் விடும். அழகர்கோவில் பக்கம் இருக்கவங்க குரங்கு தொங்கி ஒடைக்கிறதையும் சேத்து யோசிச்சுக்கங்க.

தகரத்துல, ஷீட் வாங்குன எடத்துலயே அதே கலர்ல அரை மில்லி கனத்துல மடிச்சு வாங்குறது நல்லது. 6 இன்ச் அகலம், 6 இன்ச் ஆழம் போதும். சாதா ஜிஐன்னா 24 கேஜ் கேளுங்க, நம்பர் கூடக்கூட தகரம் மெலிசாகும், 28-ன்னா என்னமோ பெருசுன்னு தலையாட்டிறாதீங்க. பட்டறைக்காரரு ஜாயிண்ட்டுக்கு பத்தவைக்கிறேம்பாரு, விடாதீங்க. வெல்டிங் சூட்டுல மேல இருக்க துத்தநாக பூச்சு எரிஞ்சு போயிரும், அந்த எடத்துலதான் மொதல்ல துரு ஏறும். நாலு இன்ச் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, நடுவுல சீலண்ட் வச்சு, பாப் ரிவெட் அடிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஷீட்டு மேலயே வச்சு கட்டிங் வீல்ல அறுப்பாய்ங்க. அந்த பொறி பெயிண்ட்ல விழுந்து ஒட்டிக்கும், ஒரு மழை பேஞ்சதும் புதுஷீட் பூரா கடுகு தெளிச்ச மாதிரி துருப்புள்ளியா நிக்கும். கத்திரில வெட்டச் சொல்லுங்க, இல்ல கீழ எறக்கி அறுக்கச் சொல்லுங்க.

அலுமினியம் நல்ல சாமான்தான், கொழுந்தனாரு சொல்றதுல தப்பில்ல. ஆனா வெல கூட, ஏணி சாஞ்சாலே நசுங்கும், செவுத்துல பூசுற ஈர சிமெண்ட் பட்டா அரிக்கும், வெறும் இரும்பு கிளாம்ப்ல ஈரத்தோட ஒட்டிக் கெடந்தாலும் அரிக்கும். காசு இருந்தா போடுங்க, கிளாம்ப்பும் அலுமினியத்துலயே வாங்கணும். காப்பர் கட்டரெல்லாம் ரீல்ஸ்ல பாத்து ரசிக்கிறதோட சரி, போட்டா ராத்திரி காவல் இருக்கணும்.

இப்ப பைப்பு. உங்க கூரை 600 சதுர அடி. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல ஐப்பசி மழை கொட்டுனா நிமிஷத்துக்கு 90 லிட்டருக்கு மேல எறங்கும், அதாவது ஆறு குடம். நாலு இன்ச் பைப்பு ஒண்ணு சுமார் 400 சதுர அடி கூரைக்குத்தான் தாங்கும், அதனால ரெண்டு முனைலயும் ஒண்ணு ஒண்ணு போட்டுருங்க, மூணு இன்ச் போதும்னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க, வேப்ப எல நாலு சேந்தாலே அது அடைச்சுக்கும். கழிவுத்தண்ணிக்கும் மழைத்தண்ணிக்கும்னு விக்கிற எஸ்டபிள்யூஆர் பிவிசி பைப்புல ஏ டைப்பே மழைத்தண்ணிக்குன்னு வர்றதுதான், பி டைப் கக்கூஸ் லைனுக்கு, கனம் கூட. வெளிச்செவுருக்கு அடிக்கிற பெயிண்ட்ட பைப்புக்கும் ரெண்டு கோட் அடிச்சுட்டா வெயில்ல நொறுங்காது. பைக் நிப்பாட்டுற எடத்துல எறங்குதுன்னா கீழ் அஞ்சடிக்கு மட்டும் ஜிஐ பைப்பு.

ஷீட் விளிம்பு காம்பவுண்ட தாண்டி நீட்டிட்டு இருந்தா மொதல்ல அத வெட்டி உள்ள இழுங்க, கட்டரும் உங்க எடத்துக்குள்ளயே நிக்கணும், இல்லாட்டி சண்டை தீராது. பைப்ப ட்ரைனேஜ்ல விடாதீங்க, மழைநீர் சேகரிப்பு 2003-லயே நம்ம மாநிலத்துல கட்டாயமாக்குனதுதான, அந்த தொட்டில கொண்டு போய் விடுங்க. சம்புக்குள்ள விடுறதா இருந்தா மொத மழைத்தண்ணிய வெளிய தள்ள ஒரு வால்வு வச்சுக்கங்க, கூரைல இருக்க தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் வரும்.

கட்டர் வாட்டம் நடுவுல இருந்து ரெண்டு முனைக்கும், 15 அடிக்கு முக்கால் இன்ச். கிளாம்ப் ரெண்டரை அடிக்கு ஒண்ணு. மிச்சக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி நடுக்கட்டர்ல ரெண்டு குடம் ஊத்தி, எங்கயாச்சும் தேங்குதான்னு பாருங்க. தேங்குனா அந்த எடத்து கிளாம்ப்ப அப்பவே தூக்கி மாட்டச் சொல்லிருங்க, போனவய்ங்கள திரும்ப புடிக்கிறது கஷ்டம்.