விரிசலைப் பூசும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் குடும்ப வீடு நூறாண்டைத் தாண்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. வாசல் நிலைக்கு மேல் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. அடிச்சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசி, மரக்கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் வீடு நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பழைய கட்டடத்தில் பொறியாளரின் முதல் வேலை, அது ஏன் அசைகிறது என்று கண்டுபிடிப்பது. காரணம் தெரியாமல் சேர்க்கும் பலம் பல நேரங்களில் கேடாகவே முடிகிறது. இத்தாலியின் சாய்ந்த பைசா கோபுரத்தின் அடித்தளத்தில் 1930களில் துளையிட்டுச் சிமெண்ட் குழம்பைச் செலுத்தினார்கள், சாய்வு கூடியது. பின்னாளில் அதைக் காப்பாற்றியது, உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்த வேலை. 1990இல் மூடிய கோபுரம் 2001இல் திறந்தது. சாய்வு ஏறக்குறைய அரை டிகிரி குறைந்திருந்தது.

உங்கள் விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தூசியும் பழைய வெள்ளையும் படிந்திருந்தால் அது நெடுநாளாக இருப்பது. செங்கல் முறிந்த இடம் பளிச்சென்று புதிதாக இருந்தால் சுவர் அண்மையில்தான் நகர்ந்திருக்கிறது. விரிசல் மேலே அகன்று கீழே குறுகினால், பெரும்பாலும் சுவரின் ஓரப்பகுதி அமிழ்கிறது; கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி. அடுத்து, விரிசலின் இருபுறமும் சுவரில் அசையாதபடி ஒவ்வொரு திருகாணியைப் பதித்து, இடைவெளியை மாதந்தோறும் வெர்னியர் அளவியால் (மில்லிமீட்டருக்கும் குறைந்த மாற்றத்தைக் காட்டும் கருவி) அளந்து தேதியோடு எழுதி வாருங்கள். ஓராண்டாவது அளக்க வேண்டும். களிமண் நிலம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது விரிசலும் திறந்து மூடும், அது வேறு. மாதாமாதம் ஒரே திசையில் வளர்ந்தால்தான் கடைக்காலை, அதாவது அடித்தளத்தை, தோண்டிப் பார்க்க வேண்டும். ஆனால் சுவர் பிதுங்கினாலோ, கதவு திடீரென இறுகிக்கொண்டாலோ ஓராண்டு காத்திருக்காதீர்கள். முட்டுக் கொடுத்துவிட்டு உடனே பொறியாளரை அழையுங்கள்.

ஓதத்துக்குச் சிமெண்ட் பூசுவதைக் கடுமையாகவே எதிர்க்கிறேன். சுண்ணாம்புப் பூச்சின் வழியே சுவரிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறும். அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்கும். சில ஆண்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. முதலில் கூரை நீர் சுவரடியில் விழாமல் தடுத்து, தரையை வெளிப்பக்கமாகச் சரித்துவிடுங்கள். பெரும்பாதி ஓதம் அதிலேயே குறையலாம். சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள்.

கூரையில்தான் பெரிய ஆபத்து. சுண்ணாம்புக் காரைச் சுவர் மேலிருந்து நேராக அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. நிலம் அதிர்ந்தால் கனமான கான்கிரீட் தளம் சுவரை அப்படித்தான் இழுக்கும். 1997இல் இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, பழைய கல் சுவர்கள்மேல் பின்னாளில் கான்கிரீட் கூரை ஏற்றிய பல வீடுகள் மோசமாகச் சிதைந்தன. பலப்படுத்துவதாக நினைத்துச் செய்த வேலை அது. உங்கள் வீட்டில் உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைக் கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள். மரம் உளுத்திருந்தால் அங்கேதான் உளுத்திருக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி, நல்ல மரத்தை ஒட்டுச் சேர்த்தால் போதும்.

சுவரைப் பிணைக்கக் கம்பி தேவைப்பட்டால், அது துருப்பிடிக்காத உலோகமாக இருக்கட்டும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் 1898 முதல் நடந்த சீரமைப்பில் வைத்த சாதாரண இரும்புப் பிடிகள் துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்தன. பண்டைய கிரேக்கர்கள் இரும்பைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். பின்வந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே டைட்டானியம் பயன்படுத்துகிறார்கள்.

பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில் வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் அளவுக் குறிப்பேட்டைப் பார்க்காமலேயே முதல் நாளில் இடிப்புச் செலவைச் சொல்பவர் வேண்டாம். சேர்ப்பது எதுவானாலும், பின்னால் சுவருக்குச் சேதமில்லாமல் கழற்ற முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.