கேள்வி பதில்: சிதைந்த துகளும் லித்தியம் கணக்கும்

கேள்வி: சார், ஹீலியமெல்லாம் பெருவெடிப்புக்குப் பிறகு சில நிமிடத்திலேயே உருவாகிவிட்டதே. இதில் சிதையும் துகளுக்கு என்ன வேலை?

பதில்: நம் நியூட்ரானே சிதையும் துகள்தான், அதாவது தானாகவே வேறு துகள்களாக மாறிவிடும். தனியாக விட்டால் சராசரியாக 880 நொடி தாங்கும். முதல் நொடி வாக்கில் ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் இருந்தது. ஹீலியத்துக்கு முதல் படி டியூட்டீரியம், அதாவது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கனமான ஹைட்ரஜன். அது உடையாமல் நிற்கும் அளவுக்குச் சூடு தணிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சில நியூட்ரான்கள் சிதைந்து, ஏழுக்கு ஒன்று ஆகிவிட்டது. அதாவது 14 புரோட்டானுக்கு 2 நியூட்ரான். அந்த இரண்டும் இரண்டு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஹீலியமாகின்றன. பதினாறில் நான்கு, நிறையில் கால் பங்கு. வானத்தில் அளந்தாலும் ஏறக்குறைய அதுதான் வருகிறது.

கேள்வி: வேறு கனமான துகள் ஏதாவது சிதைந்திருந்தால்?

பதில்: கிராவிட்டினோ என்ற கற்பனைத் துகள் போல ஒன்றைச் சொல்வார்கள், யாரும் பார்த்ததில்லை. எது சிதைந்தது என்பதைவிட எப்போது சிதைந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஒரு நொடி வாக்கில் என்றால், வெளிவரும் பையான்கள் என்ற குறை ஆயுள் துகள்கள் புரோட்டானை நியூட்ரானாக மாற்றும், ஹீலியம் கூடும். சில நிமிடம் கழித்து என்றால், வேகமான நியூட்ரான்கள் உருவான ஹீலியத்தையே நொறுக்கும்; டியூட்டீரியம் எகிறும்.

கேள்வி: காமா கதிர் வந்தால் எல்லாமே உடைந்துவிடாதா அண்ணா?

பதில்: உடனே உடையாது. அப்போது எங்கும் நிறைந்திருந்த பின்னணி ஒளியில் மோதி, ஆற்றல் மிக்க காமா கதிர் எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடியாகிப் போய்விடும். அண்டம் ஆற ஆறத்தான் கதிர் தப்பிக்கும். டியூட்டீரியத்தை உடைக்க 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். அந்தக் கதிர் முதல் நாளுக்குள்ளேயே தப்பிக்க ஆரம்பித்துவிடும். ஹீலியத்துக்குக் கிட்டத்தட்ட 20 வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

கேள்வி: லித்தியம் புதிருக்கு இது விடையா?

பதில்: ஆசைப்பட்டார்கள். 1982-ல் வானியலாளர்களான ஸ்பைட் தம்பதியர் பழைய நட்சத்திரங்களில் அளந்த லித்தியம், இன்றைய பெருவெடிப்புக் கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுதான் புதிர். லித்தியம்-7 பெரும்பாலும் பெரிலியம்-7 ஆகப் பிறந்து பின்னால் மாறியது. சிதைவில் வந்த நியூட்ரான் பெரிலியத்தைத் தாக்கினால் லித்தியம் குறையும். சரி, ஆனால் அதே நியூட்ரான் புரோட்டானோடு சேர்ந்து டியூட்டீரியத்தையும் கூட்டிவிடுகிறதே! தொலைதூர வாயு மேகங்களில் ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்கு 2.5 டியூட்டீரியம் என்று ஒரு சதவீதத் துல்லியத்தில் அளந்துவிட்டார்கள். அங்கே கைவைக்க இடமில்லை. நட்சத்திரங்களே தங்கள் லித்தியத்தை உள்ளே இழுத்து எரித்திருக்கும் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன்.