மின் கனரக லாரிகள்: கேள்விகளும் பதில்களும்

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு வாகனத் தேர்விலும் செலவுக் கணக்கிலும் ஆலோசனை கூறிவருபவன் என்ற முறையில், லாரித் தொழிலில் இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (டிரெய்லர் உரிமையாளர், நாமக்கல்): என்னிடம் நான்கு டிரெய்லர்கள் உள்ளன. வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் சென்று, கிடைக்கும் ரிட்டர்ன் லோடோடு திரும்புகிறோம். அடுத்த வண்டியை மின் வண்டியாக வாங்கலாமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு இப்போது வேண்டாம். முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா ரைனோ என்ற, டிரெய்லரை இழுக்கும் 55 டன் மின் லாரியை எடுத்துக்கொண்டால், அதன் 282 யூனிட் பேட்டரி ஒரு முழு சார்ஜுக்கு 198 கிலோமீட்டர் ஓடும் என்று நிறுவனம் கூறுகிறது. நாக்பூரில் இறக்கிய பிறகு அடுத்த லோடு எந்த ஊருக்குக் கிடைக்கும் என்றே தெரியாத ஒருவர், 150 கிலோமீட்டருக்கு ஒருமுறை லாரி நுழையக்கூடிய சார்ஜிங் நிலையத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கார்களுக்காக அமைத்த நிலையங்களில் டிரெய்லரைத் திருப்பவே இடம் இருக்காது. அரியலூரில் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுபவர், ஸ்ரீபெரும்புதூருக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் இடையே கன்டெய்னர் இழுப்பவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுடைய வண்டி தினமும் ஒரே பாதையில் சென்று ஒரே இடத்துக்குத் திரும்புகிறது.

கேள்வி (போக்குவரத்து நிறுவனக் கணக்காளர், சேலம்): டீசல் செலவு பாதியாகிறது என்கிறார்கள்; ஆனால் வண்டி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மைதான். முழு லோடு, ஏ.சி., சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கிலோமீட்டருக்கு 1.6 யூனிட் என்றும் ஒரு யூனிட்டுக்கு 11 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மின் செலவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17.60 ரூபாய் வரும். அதே எடையை இழுக்கும் டீசல் வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால், 92 ரூபாய் டீசலில் கிலோமீட்டருக்கு 30.67 ரூபாய் ஆகிவிடும். ஆகவே கிலோமீட்டருக்கு 13 ரூபாய் மிச்சம்.

இனி கடன் பக்கத்தைப் பாருங்கள். மின் வண்டியின் விலை டீசல் வண்டியைவிட 70 லட்சம் கூடுதல் என்று கொண்டு, அந்தத் தொகைக்கு மட்டும் 10.5 சதவீத வட்டியில் ஆறு ஆண்டுத் தவணை போட்டால், மாதம் 1.31 லட்சம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை 13 ரூபாய் மிச்சத்திலிருந்தே எடுக்க வேண்டுமானால், வண்டி மாதம் 10,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். 25 நாள் ஓட்டத்தில் நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர். 4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி மாதம் 52,000 ரூபாய்தான் மிச்சப்படுத்தும். மீதித் தவணை உங்கள் கையைக் கடிக்கும். ஒரு சார்ஜில் குறைவாக ஓடும் வண்டியை மாதக் கணக்கில் மிக அதிகமாக ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்பதே இதிலுள்ள முரண். குறுகிய பாதை, பல டிரிப், இரண்டு ஷிப்ட் ஓட்டுநர்கள், ஏற்றி இறக்கும் நேரத்திலேயே சார்ஜ் என்று நான்கும் கூடிவரும் இடத்தில் மட்டும் இது சாத்தியம்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டீசல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. மின் வண்டிக்கு முன்பு போலவே 5 சதவீதம்தான். மின் வண்டிக்கு இருந்த வரிச் சாதகம் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பழைய ஒப்பீட்டு அட்டையைக் காட்டி விற்க வருபவர்களிடம் புதிய விலையில் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி (இரண்டு லாரி வைத்திருப்பவர், ஈரோடு): மத்திய அரசின் மானியம் எனக்குக் கிடைக்குமா?

பதில்: பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிகளுக்கு 500 கோடி ஒதுக்கியுள்ளார்கள். 2025 ஜூலையில் வெளியான விதிகளின்படி ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். அது விலையிலிருந்தே கழிக்கப்படும். பழைய லாரியை உடைத்ததற்கான சான்று கட்டாயம். நாடு முழுவதற்குமாகச் சுமார் 5,600 வண்டிகளுக்குத்தான் இந்தப் பணம் போதும் என்பதால், மானியத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (ஓட்டுநர், தர்மபுரி): தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 55 டன் லோடோடு மின் வண்டியை நம்பி இறக்க முடியுமா?

பதில்: தொப்பூரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை உருட்டிவிட்டு, பிரேக் சூடாகிப் பிடிப்பு இழந்து நடந்த விபத்துகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சபலத்தை மின் வண்டி தலைகீழாக்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். 55 டன் எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 15 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. டீசல் வண்டியில் அதில் பெரும்பங்கு பிரேக் லைனிங்கில் வெப்பமாகப் போகும். மின் வண்டியில் ஒரு நல்ல பகுதியைத் திரும்பப் பெறலாம். லைனிங்கும் நெடுநாள் உழைக்கும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, முழுச் சுமையும் காற்று பிரேக்கின் மேல் விழும். ஆகையால் இறக்கத்துக்குச் சற்று முன்னால் உள்ள இடத்தில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குவது தவறு. 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதைப் பயிற்சியில் சொல்லித்தராமல் சாவியைக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கேள்வி (ஆலை மேலாளர், ஓசூர்): எங்கள் வளாகத்திலேயே பத்து லாரிகளுக்குச் சார்ஜர் அமைக்க என்ன தேவை?

பதில்: 240 கிலோவாட் சார்ஜரில் 282 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். பத்து வண்டியும் ஒரே நேரத்தில் செருகினால் 2.4 மெகாவாட் வேண்டும். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மரும் உயர் அழுத்த இணைப்பும் தேவை. வண்டிகளை முறைவைத்துச் சார்ஜ் செய்தால் நான்கு சார்ஜர்களே போதலாம். மின் இணைப்புக்கு விண்ணப்பித்த பிறகு வண்டிக்கு ஆர்டர் கொடுங்கள். பலரும் இதை மாற்றிச் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கவே நேரமில்லாத ஓட்டங்களுக்குப் பேட்டரியைக் கழற்றி மாற்றும் முறை இருக்கிறது. சீனாவில் அது பரவலாக உள்ளது. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில் அத்தகைய லாரிகளை இயக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி (சிமென்ட் ஏற்றுபவர், அரியலூர்): பேட்டரி எடையால் லோடு குறையுமா?

பதில்: குறையும். இரண்டு டன்னுக்குக் குறையாத பேட்டரி ஏறுகிறது. என்ஜின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் இறங்குகின்றன. கூட்டிக்கழித்தால் ஏறத்தாழ ஒரு டன் போகும். டன் கணக்கில் வாடகை வாங்குபவர்கள் இதையும் நட்டக் கணக்கில் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புகையில்லா லாரிகளுக்கு இரண்டு டன் வரை கூடுதல் எடை அனுமதிக்கிறார்கள்.

கேள்வி (லாரிக் கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து): பேட்டரியின் ஆயுளை எப்படி மதிப்பிடுவது?

பதில்: மானிய விதிகள் பேட்டரிக்கு ஐந்து ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி கேட்கின்றன. கட்டுப்படியாக வேண்டும் என்று மாதம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். தவணையோ ஆறு ஆண்டு. இடையிலுள்ள அந்த இருபத்திரண்டு மாத ஆபத்தை யார் சுமப்பது என்பதைக் கடன் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நெடுநாள் உழைக்கக்கூடியதுதான். ஆனாலும் பழைய மின் லாரிக்கு இங்கே இன்னும் சந்தை உருவாகவில்லை.

கேள்வி (லாரிப் பட்டறை வைத்திருப்பவர், சங்ககிரி): எங்கள் பிழைப்பு என்னாகும்?

பதில்: பாடி கட்டுதல், ஸ்பிரிங் பட்டை, டயர், ஏர் பிரேக், பெயின்ட் வேலைகள் அப்படியே இருக்கும். என்ஜின் ஆயில், கிளட்ச், இன்ஜெக்டர் வேலைகள் மின் வண்டியில் இல்லை. நெடுந்தூர டீசல் ஓட்டம் இன்னும் பல ஆண்டுகள் நீடிக்கும் என்பதால் பதற வேண்டாம். ஆனால் உங்கள் ஆட்களில் இருவரையாவது உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆரஞ்சு நிறக் கேபிளில் சில நூறு வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) ஓடுகிறது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்டைக் கழற்றி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துச் சுழியம் பார்த்த பிறகே அதன் அருகில் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன்னும் இதே ஒழுங்குதான்.