பாட மாட்டேன் – கடிதம்

அன்புள்ள அம்மா,

ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகங்களில் பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லியோன்டின் பிரைஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக யூடியூபில் அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1961-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாகப் பாடியபோது 42 நிமிடம் கைதட்டினார்களாமே! இதெல்லாம் கடவுள் கொடுக்கிற குரல், நாமெல்லாம் எவ்வளவு சாதகம் செய்தாலும் வராது என்று தோன்றுகிறது. 57 வயதில், குரல் நன்றாக இருக்கும்போதே ஏன் ஓபராவை விட்டார்? புதிதாகக் கேட்பவர்கள் எதில் தொடங்கலாம்? ஓபரா என்றால் கத்தல் என்கிறார் என் பாட்டு டீச்சர். எனக்கு 26 வயது, ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். மூன்று மாதமாகத் தொண்டை கட்டியே இருக்கிறது. ஆனாலும் வாரம் மூன்று கச்சேரி, விட முடியவில்லை.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

வயதைச் சொல்லிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

டீச்சர் சொன்னதை விடு. ஏறத்தாழ 3,800 பேர் உட்காரும் அரங்கில், மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டி மெல்லிய ஒரு ஸ்வரத்தைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோவது கத்தலா இல்லையா என்று அவரே ஒருநாள் யோசிக்கட்டும்.

‘கடவுள் கொடுத்த குரல்’ என்று மட்டும் இனி எனக்கு எழுதாதே. கேட்டாலே கோபம் வருகிறது. பிரைஸ் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற மர அறுவை ஆலை ஊரில் 1927-ல் பிறந்தவர். அப்பா ஆலைத் தொழிலாளி, அம்மா மருத்துவச்சி. மகளுக்கு ஐந்து வயதானபோது வீட்டிலிருந்த கிராமபோனைக் கொடுத்து, அதையே முன்பணமாக்கி ஒரு பியானோ வாங்கினார்கள். சிறுவயதில் ஜாக்சன் நகரத்துக்குப் போய், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடுவதைக் கேட்டார். ஜூலியார்டு இசைப்பள்ளியில் படிக்கப் பணமில்லாதபோது பாடகர் பால் ராப்சன் நிதிக் கச்சேரி செய்தார். ஊரில் பிரைஸின் அத்தை வேலை செய்த வீட்டுக்காரர்களும் உதவினார்கள். ஜூலியார்டில் ஃப்ளாரன்ஸ் பேஜ் கிம்பாலிடம் வருடக்கணக்கில் பாடம். இத்தனை பேர் உழைப்பையும் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால் உனக்குச் சாதகம் செய்யாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

அந்த கிம்பால் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. குரல் என்பது முதல் பணம் மாதிரி. வட்டியில் பாடு, முதலில் கை வைக்காதே.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு என் சின்ன அத்தை ஞாபகம் வந்தது. முறையாகக் கற்றவள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணம், கோயில் கொடை, பள்ளி விழா எதுவென்றாலும் அத்தை பாடவேண்டும். மேடைக்குப் பின்னால் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலோடு பித்தளை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. சுடச்சுட இருக்கும், பாவாடை நுனியால் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். ஒரு வருடம் மாசியில் அத்தைக்குக் குரல் கரகரத்தது. குரல்நாணில் காய் விழுந்திருக்கிறது, மூன்று மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ‘ஒரே ஒரு பாட்டுத்தானே’ என்றார்கள். அத்தைக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அன்று ஏழு பாட்டு பாடினாள். ஏழாவது பாட்டின் சரணத்தில் காற்றுதான் வந்தது. டம்ளரை வாங்கக் கை நீட்டினாள், வாங்காமல் அப்படியே என் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தாள். பேச்சுக்கூடக் கிசுகிசுப்புதான்.

அதனால்தான் பிரைஸ் கதையில் 42 நிமிடக் கைதட்டல் எனக்குப் பெரிதில்லை. 1958 பெரிது. அந்த வருடம் மெட்ரோபாலிட்டனின் தலைவர் ருடால்ஃப் பிங் அவரைக் கூப்பிட்டார், வெர்டியின் ‘ஐடா’ ஓபராவில் இரண்டு நாள் பாட. யோசித்துப் பார். 31 வயது. அந்த மேடையில் கறுப்பினத்தவர் ஒருவர் தனிப் பாத்திரமேற்றுப் பாடியதே மூன்று வருடம் முன்புதான், 1955-ல், அதே மரியன் ஆண்டர்சன். அதே 1955-ல் பிரைஸ் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘டோஸ்கா’ ஓபராவின் நாயகியாகப் பாடியபோது தென்மாநிலங்களில் சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்திருந்தன. அப்படிப்பட்ட கதவு திறக்கிறது, இவர் வரமாட்டேன் என்கிறார்.

பாடத் தெரியாமலா? அதே வருடம் வியன்னாவில் பெரிய ஆர்கெஸ்ட்ரா நடத்துநரான கராயன் நடத்த ஐடாவாகவே பாடியவர். ஆனால் ஐடா யார்? எகிப்தில் அடிமையாகிவிட்ட எத்தியோப்பிய இளவரசி. டோஸ்காவில் பிரைஸைப் பாடவைத்த பீட்டர் ஹெர்மன் அட்லர் தடுத்தார். இன்னும் நிறையப் பாத்திரங்கள் கைக்கு வரட்டும் என்பது ஒரு காரணம். அந்த மேடைக்கு முதலில் போகும்போது சீமாட்டியாகப் போகவேண்டும், அடிமையாக அல்ல என்பது இன்னொரு காரணம். பிரைஸின் கணவராயிருந்த வில்லியம் வார்ஃபீல்ட் இதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் காத்திருந்தார் பிரைஸ். 1961 ஜனவரி 27 அன்று ‘இல் ட்ரொவத்தோரே’யில் லியோனோராவாக, அரண்மனைப் பெண்ணாக உள்ளே போனார். நீ சொல்லும் கைதட்டல் அந்த இரவுதான். அதன் பாதியை, 1958-ல் அவர் சொன்ன அந்த ‘மாட்டேன்’ கணக்கில் நான் எழுதுவேன்.

அவரும் சறுக்கியிருக்கிறார். அதே 1961 அக்டோபரில் புச்சினியின் ‘லா ஃபன்சுல்லா டெல் வெஸ்ட்’. அவர் குரலுக்குக் கனம் கூடிய பாத்திரம். இரண்டாவது காட்சி நாளில், இரண்டாம் அங்கத்தின் நடுவே குரல் போய்விட்டது. மிச்ச வரிகளைப் பேசியே முடித்தார். மூன்றாம் அங்கத்தை டோரதி கிர்ஸ்டன் வந்து பாடினார். பிரைஸ் என்ன செய்தார் தெரியுமா? மிளகுப் பால் குடித்துவிட்டு மறுநாள் மேடை ஏறவில்லை. சில வாரம் ஒதுங்கியிருந்தார். பிற்பாடு ஓபராக்களையே வெகுவாகக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளுக்குத் திரும்பினார்.

நீ கேட்ட 57 வயதுக் கேள்விக்கும், எதில் தொடங்குவது என்ற கேள்விக்கும் ஒரே பதில்: 1985 ஜனவரி 3, அவருடைய கடைசி ஓபரா. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். என்ன பாத்திரம் என்று பார், ஐடா. நுழைய மறுத்த அதே வாசல் வழியாக, தான் குறித்த நாளில் வெளியே வந்தார். மூன்றாம் அங்கத்தில் நைல் நதிக்கரையில் நின்று, ‘என் தாய்நாடே, இனி உன்னைக் காணவே மாட்டேன்’ என்று பாடுகிறார். முடித்ததும் மூன்று நிமிடத்துக்கு மேல் அரங்கம் ஓயவில்லை. ஐடாவாகவே அசையாமல் நிற்கப் பார்க்கிறார், கண் மட்டும் கேட்கவில்லை. அதன் பிறகும் 1997 வரை கச்சேரி செய்தார். 2001-ல், 74 வயதில், இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்களுக்காகக் கார்னகி ஹாலில் வந்து பாடினார். முதல் அப்படியே இருந்தது.

கண்ணம்மா, இந்த வாரம் மூன்று கச்சேரி என்றாய். இன்றைக்கே குழுக்காரருக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொல். ஏன் என்று கேட்டால் காரணம்கூடச் சொல்லவேண்டாம். நாளைக்குக் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போ, அவர் குழாய் விட்டுக் குரல்நாணைப் பார்க்கட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. போன் செய்யாதே, எழுது.