குளியலறையில் மின்சாரம்: கேட்டவர்களும் பதிலும்

வடகிழக்குப் பருவமழை வந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கீசர் பற்றிய கேள்விகளும் சேர்ந்து வரும். வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முத்தியால்பேட்டை வாசகி: கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. ரப்பர் செருப்பு போட்டால் தெரிவதில்லை. அப்படியே சமாளிக்கலாமா, அண்ணா?

கூடாதம்மா. இன்றே கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. உப்பேறிய போர் தண்ணீரில் எலிமெண்ட்டின் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மேலுறை அரித்துப்போய்க் கரண்ட் தண்ணீரில் கசிவது முதலாவது. கடலோரத்தில் இது சகஜம். கசிந்த கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வேலை செய்யாதது இரண்டாவது. முதல் கோளாறு எந்தக் கீசருக்கும் வரும், ஆளைக் கொல்வது இரண்டாவதுதான். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் முழுதாக வந்தால் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். இன்று சுர்ரென்பது, உறையில் விரிசல் பெரிதானால் நாளைக்கு அப்படி நிற்காது.

எலெக்ட்ரீஷியன் வந்ததும் பவர் பிளக்கின் பிளேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் பெரிய துளையில் பச்சை வயர் இருக்க வேண்டும். சில வீடுகளில் அது இருக்காது, நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை எடுத்து அந்தத் துளையில் முறுக்கி வைத்திருப்பார்கள். டெஸ்ட் விளக்கு அதிலும் எரியும் என்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். இப்படிச் செய்தவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

பச்சை வயர் இருந்தாலும் அது போய்ச் சேரும் எர்த் குழாய் மண்ணுக்குள் உயிரோடு இருக்க வேண்டும். நம் ஊர் உப்பு மண்ணில் கால்வனைஸ் பைப் சீக்கிரம் துருப்பிடித்து உள்ளுக்குள்ளேயே அற்றுப்போகும், மேலே பார்த்தால் தெரியாது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். புதிதாகப் போடுபவர்கள் செம்பு பூசிய ராடு போடுங்கள், செலவு கூடினாலும் நிற்கும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: எங்கள் வீட்டில் எம்சிபி என்ற தானாக விழும் சுவிட்ச் இருக்கிறது. ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் அல்லவா?

விழாது. 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கிறது, அதைத் தாங்க 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருப்பீர்கள். உங்கள் உடம்பில் பாயும் கால் ஆம்பியர் அதன் கண்ணிலேயே படாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். 300 என்று எழுதியது தீ விபத்தைத் தடுக்க, உடம்புக்கு அல்ல. மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் மட்டும் அதனாலும் கண்டுபிடிக்க முடியாது.

தேவனாம்பட்டினம் வாசகர்: மழை பெய்தால் ஆர்சிசிபி விழுகிறது. அதை விட்டுவிட்டு நேராக இணைக்கலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரியா, ஐயா?

சரியில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் விழலாம், காரணம் சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நனைந்த பெட்டியில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆர்சிசிபிக்கு அதுவும் கசிவுதான். நியூட்ரல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுங்கள். கேட் விளக்கு, மொட்டைமாடி பிளக், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், இவற்றில் தொடங்கலாம்.

மார்ச்சில் நிறுத்திய கீசரை நவம்பரில் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எலிமெண்ட்டுக்குள் கரண்ட் கசியாமல் தடுக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனாலும் விழும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் மெகர் என்ற கசிவு பார்க்கும் கருவி வைத்துச் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

புதுச்சேரியில் பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்: ஷவருக்குப் பக்கத்தில் விளக்கு வேண்டும். எது போடலாம்?

முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். ஷவருக்கு நேர் மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையிலும், அதைச் சுற்றி 60 செ.மீ. வரையிலும் தண்ணீர் தெறிக்கும் பகுதி என்பது உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. அங்கே போட்டே ஆக வேண்டுமென்றால் ஐபி 44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) அல்லது அதற்கு மேல் எழுதிய, மூடிய ஃபிட்டிங். சாதாரண ஹோல்டரில் பல்பை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும், நம் வீடுகளில் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம்.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்குகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மரப்பட்டி வயரிங் உள்ள வீடுகளில் இது அடிக்கடி அகப்படும். அப்படியென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது.

லாஸ்பேட்டை வாசகர்: மெயினை இறக்கிவிட்டுப் பல்பு மாற்றினேன், டெஸ்டர் எரிந்தது!

இன்வர்ட்டர், தம்பி. மெயினை இறக்கினால் அது கரண்ட் போய்விட்டதென்று நினைத்து உடனே கொடுக்கத் தொடங்கிவிடும். அதையும் நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

கடலூர் முதுநகர் வாசகி: ஹீட்டர் ராடு வைத்து வாளியில் சூடுபடுத்தினால் போதாதா?

எனக்கு அறவே பிடிக்காத பொருள். வேறு வழியில்லை என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் மூன்று பின்னும் உள்ளது, பிளாஸ்டிக் வாளி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மஞ்சக்குப்பம் வாசகர்: அப்படியானால் கேஸ் கீசர்?

ஷாக் இருக்காது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க முடிந்தால் மட்டும்.

நெல்லிக்குப்பம் சாலையில் வாடகை வீட்டில் இருப்பவர்: எர்த் போட வீட்டுக்காரர் மறுக்கிறார். என்ன செய்வது?

ஆர்சிசிபிக்கு எர்த் கட்டாயமில்லை. எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே விழும், இல்லாவிட்டால் தொட்டவருக்கு ஒரு அடி கொடுத்துவிட்டு விழும். ஆகையால் முதலில் ஆர்சிசிபியைப் போட்டுவிடுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். எர்த் வரும்வரை கீசர் வேண்டாம். தண்ணீரை அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள்.